முந்தைய சாம்பிளின் எச்சில்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசலில் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டும் காவலாளியிலிருந்து மேலாளர் அம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவர் தராசுதான். கேலிக்காகத்தான் அப்படி வைத்தார்கள். மனிதர் அதை விருது மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். பதினேழு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கைகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. இதை நாளுக்கு ஒரு தடவையாவது யார் காதிலாவது போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "ஏங்க, அந்த அறிக்கைப் புராணத்த நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று மனைவியே கேட்கிற அளவுக்கு.

உணவுப் பொருளில் இருக்கக்கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பாலே சேராதது என்று விற்கிறார்களே, உண்மையாகவே பால் இல்லையா? நிலக்கடலை படாதது என்கிறார்களே, படவில்லையா? பொருளை அரைத்துக் கரைத்து, அதிலிருக்கும் புரதத்தை ஒரு நொதியால் துண்டு துண்டாக நறுக்குவார்கள். அந்த நொதி கண்ட இடத்தில் வெட்டாது, சொல்லிவைத்தாற்போல் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும். வெட்டின துண்டுகளுக்குத்தான் பெப்டைடு என்று பெயர். அவற்றை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தள்ளினால் வரிசை பிரிந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்ததும் இயந்திரம் எடை போடும், உடைக்கும், உடைந்ததையும் எடை போடும். கிழித்துப்போட்ட கடிதத்தின் துண்டுகளைப் பார்த்து எழுதினது யார் என்று சொல்வது மாதிரி, இது பாலிலிருந்து வந்தது, இது கடலையிலிருந்து வந்தது என்று அப்புறம் சொல்லிவிடலாம். புரதம் பொய் சொல்லாது என்பார் தராசு. பொய் சொல்வதெல்லாம் மனிதர்கள்தானாம்.

அந்தக் குழாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உள்ளே போனதை ஒரே மூச்சில் துப்பிவிடாது. கொஞ்சத்தை ஒட்டவைத்துக்கொண்டு, அடுத்த சாம்பிள் வரும்போது அதோடு சேர்த்து வெளியே விடும். இதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கிறது. இவர்கள் இடத்தில் அதற்கு எச்சில் என்றே பெயர். எச்சில் படாமல் இருக்க, ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றுமே கலக்காத வெறும் கரைசலை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். அதுதான் பிளாங்க். குழாய் வாய் கொப்பளிக்கிறது என்பார்கள். கொப்பளிக்காத குழாயில் அடுத்த சாம்பிளை விட்டவனைத் தராசு வெளுத்து வாங்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர்தான் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பிளாங்கை அழித்தார்.

நடந்தது இதுதான். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பாலும் ஆகாது, நிலக்கடலையும் ஆகாது. முந்தின நாள் காலையில் மூச்சு அடைத்து, உதடு வீங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். சாப்பிட்டது இரண்டே இரண்டு பொருள். புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து இரண்டு வாய் தானியக் கஞ்சி, அது முடிந்த கையோடு தெருமுனைப் பேக்கரியில் வாங்கிய பிஸ்கட். சுகாதார அதிகாரி இரண்டிலும் சாம்பிள் எடுத்து, டப்பாவை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கஞ்சிப் பொடி பெரிய நிறுவனத்துடையது, 'பால் சேராதது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, சான்றிதழ் எண்ணும் அச்சடித்திருந்தது. அதனால் படிவத்தில் கஞ்சிப் பொடிக்கு நிலக்கடலை மட்டும், பிஸ்கட்டுக்குப் பால், நிலக்கடலை இரண்டும் பார்க்கச் சொல்லி டிக் அடித்திருந்தார். சின்னக் கடை என்றால் சந்தேகமும் கூடக் கொஞ்சம் வரத்தானே செய்யும்.

இயந்திரத்துக்கு நைட்ரஜன் வாயு வேண்டும். உருளையில் இருந்தது ஒன்பது மணி நேரத்துக்கு. அடுத்த உருளை திங்கட்கிழமைதான் வரும், அறிக்கையோ திங்கட்கிழமை காலையிலேயே வேண்டும். வரிசையில் இருந்ததோ பதினோரு மணி நேர வேலை. தராசு விரல் விட்டு எண்ணினார். முதலில் ஓடுவது பால் ஸ்டாண்டர்டு, அதாவது சுத்தமான பால் புரதம். அதற்குப் பின்னால் இருந்த பிளாங்கில் கை வைக்க அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? கடலை ஸ்டாண்டர்டுக்குப் பின்னால் இருந்ததிலும் கை வைக்கவில்லை. அதற்கப்புறம் கஞ்சிப் பொடி, கடைசியில் பிஸ்கட். அந்த இரண்டுக்கும் நடுவில், கணினிப் பட்டியலில் இருந்த இரண்டு பிளாங்க் வரிகளை அழித்தார், ஒன்றுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு மணி நேரம் மிச்சம். டப்பாவிலேதான் பால் சேராதது என்று போட்டிருக்கிறதே, பாலே இல்லாததில் பாலின் எச்சில் எங்கிருந்து வரும்? எடையைத் தவிர எதையும் நம்பாத மனிதர் ஒரு டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை நம்பினார். அழிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிக்கும் குழந்தையின் வீட்டாருக்கும் அறிக்கை போனது. கஞ்சிப் பொடி: நிலக்கடலை இல்லை. பிஸ்கட்: நிலக்கடலை இல்லை, பால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பேக்கரிக்குச் சீல் வைத்தார்கள். அன்று சாயங்காலமே யாரோ கண்ணாடியில் கல்லை விட்டெறிந்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை பேக்கரிக்காரம்மா ஆய்வுக்கூடத்து வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் பழைய அடுப்புச் சூட்டுத் தழும்புகள். அதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள், அவள் அசையவில்லை. சாப்பாட்டு வேளையில் வெளியே வந்த தராசை மறித்துக்கொண்டாள்.

"சார், எங்க பிஸ்கட்ட நீங்கதான் பார்த்தீங்களா?"

"ஆய்வுக்கூடம் பார்த்ததும்மா."

"ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணு இருக்கா சார்? யாரோ ஒருத்தர்தானே பார்த்திருப்பீங்க."

மேல்முறையீட்டுக்குப் படிவம் இருப்பதாகத் தராசு சொன்னார்.

"படிவம் இருக்கட்டும். என் பையனுக்குப் பால் ஆகாது சார். அவனுக்காகத்தான் கடையே போட்டேன். பால் பாக்கெட் வாசப்படி தாண்டினதில்ல. அன்னிக்கு அதே தட்டுல வெந்த பிஸ்கட்ட அவன் ஏழு தின்னான். எட்டாவது கேட்டான்னு முதுகுல ஒண்ணு வச்சேன், அதனால எண்ணிக்கை ஞாபகம் இருக்கு. அவனுக்கு ஒரு தும்மல்கூட வரல." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தப் பாப்பா பொழச்சிடுமா சார்?"

தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே கணினியைத் திறந்தார். ஏழு பிஸ்கட் அவர் மண்டையைக் குடைந்தது.

பிஸ்கட் சாம்பிளை அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டியிருந்தார். முதல் ஓட்டத்தில் பாலின் பெப்டைடுகள் நன்றாக எழும்பி நின்றன. இரண்டாவதில் அதே பெப்டைடுகள், பத்தில் ஒரு பங்குதான். இரண்டுமே வரம்புக்கு மேலே இருக்கிறது என்று அன்றைக்கு மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிஸ்கட்டிலேயே பால் இருந்தால் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஓடஓடக் குறைகிறது என்றால் அது பிஸ்கட்டில் இருந்தது இல்லை, குழாயில் இருந்தது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான்.

பால் ஸ்டாண்டர்டின் எச்சில் எப்படியோ தங்கிவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியமில்லை. வியாழக்கிழமை, இயந்திரம் சும்மா இருந்த நேரம் பார்த்து, மிச்சமிருந்த பிஸ்கட் கரைசலை யாருக்கும் சொல்லாமல், முன்னாலும் பின்னாலும் நாலு நாலு பிளாங்க் வைத்து ஓட்டினார். சுத்தம். பாலின் துண்டு ஒன்றுகூட இல்லை.

அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் நானும் அப்படித்தான் சொல்வோம், நமக்கென்ன, நாம் பதினேழு வருஷம் தராசாக இருந்ததில்லை. அவர் இயந்திரத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பேனாக்களை அடுக்கினார். குழந்தை ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறது, கடை இரண்டு நாள் மூடியிருந்தால் குடி முழுகிவிடாது, இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால் பயம். அப்பட்டமான, சின்னப்பிள்ளைத்தனமான பயம்.

"என்னங்க, ரெண்டு நாளா அறிக்கைப் புராணத்தையே காணோம்?" என்றாள் மனைவி, சாப்பாட்டு மேஜையில்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு வெறும் தட்டப் பிசைஞ்சிட்டிருக்கீங்க? நான் இன்னும் பரிமாறவே இல்ல."

மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல. போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"பதினேழு வருஷம்டி."

"பதினேழு வருஷம் சரியா இருந்ததுக்கு உங்களுக்கு யாரும் சிலை வைக்கப் போறதில்ல. அங்க ஒருத்தி கடைய மூடிட்டு உக்காந்திருக்கா."

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மேலாளர் அறைக் கதவு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்துவிட்டு, மத்தியானம் உள்ளே போனார். மேலாளர் அம்மா கெட்டிக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"பிளாங்க எடுத்தது நீங்களா? வேற யாராவது செஞ்சத மறைக்கிறீங்களா?"

"நான்தான்மா."

"தராசேவா." பேனாவை மேஜையில் போட்டாள். "சரி, பிழை அறிக்கைப் படிவத்த எழுதி வச்சுட்டுப் போங்க. திங்கக்கிழமை தரக்குழுல வைக்கலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க."

"அந்தக் கடை?"

"மூணு நாள்ல ஒண்ணும் ஆயிடாது." கைப்பையை எடுத்துக்கொண்டு ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: எச்சம் எந்தச் சாம்பிளிலிருந்து வந்தது, ஆதாரத்துடன் குறிப்பிடவும். 'பால் ஸ்டாண்டர்டு' என்று எழுதினார். ஆதாரத்துக்காக அதற்கு அடுத்து ஓடின பிளாங்கைத் திறந்தார். வெறும் நேர்கோடு. இரண்டாவது பிளாங்கும் அப்படியே. கடலை ஸ்டாண்டர்டில் தேடினார், பால் இல்லை. அதற்கடுத்த பிளாங்குகளிலும் இல்லை. பால் ஸ்டாண்டர்டின் எச்சில் இத்தனையையும் தாண்டிக் குதித்து வந்திருக்க முடியாது. மிச்சமிருந்தது ஒரே ஓட்டம். பேனாவைக் கீழே வைத்தார்.

கஞ்சிப் பொடியில் அவர் பால் தேடவே இல்லை. படிவத்தில் கேட்டது நிலக்கடலை, அதை மட்டும் தேடி, அதற்கு மட்டும் பதில் எழுதினார். ஆனால் இயந்திரம் கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் எடை போட்டு வைத்திருந்தது. தேடல் பட்டியலில் பால் என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

திரை நிறையப் பால். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஸ்டாண்டர்டில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. தொழிற்சாலையில் எந்தப் பொடியை எந்த டப்பாவில் அடைத்தார்களோ, பால் சேராதது என்ற டப்பாவுக்குள் பால் சேர்த்த பொடி உட்கார்ந்திருந்தது. பிஸ்கட்டில் தெரிந்த பால் அந்தக் கஞ்சிப் பொடியின் எச்சில்.

பேக்கரியை மூன்று நாள் வதைத்தது ஒரு பக்கம். மறுபக்கம், டப்பா குழந்தையின் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. 'நிலக்கடலை இல்லை' என்று அவர் எழுதிக் கொடுத்த தாளும் அந்த வீட்டில் இருக்கிறது. அந்தத் தாளைப் பார்க்கிற எந்தத் தாயும் கஞ்சி சுத்தம் என்றுதானே படிப்பாள்?

மணி நாலு இருபது. மேலாளரின் ஃபோன் அணைத்திருந்தது. சுகாதார அதிகாரியின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆய்வுக்கூடத்து ஆள் யாரும் சம்பந்தப்பட்ட குடும்பத்தோடு பேசக்கூடாது என்று விதி, அவரே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாம்பிள் பையோடு இணைத்திருந்த சீட்டில் தாயின் எண் இருந்தது. விதியாவது மண்ணாவது என்று எண்ணை அழுத்தினார்.

"யாருங்க?" குரலில் களைப்பும் சந்தோஷமும் கலந்திருந்தது.

"லேப்லருந்து பேசறேன்மா. பாப்பா ஆஸ்பத்திரியிலதானே இருக்கு?"

"இல்ல சார், மத்தியானம்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. இதோ, மடியில உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கா. ஒரு வாரமா அதையேதான் கேட்டுட்டிருந்தா."

"எந்தக் கஞ்சி?"

"அதே டப்பாதான் சார். அதுல ஒண்ணுமில்லன்னு நீங்கதான் எழுதிட்டீங்களே."

"நிறுத்துங்க. அதுல பால் இருக்கு. நிறைய இருக்கு. வாயில இருக்கறத துப்பச் சொல்லுங்க."

ஏதோ பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. "நாலு ஸ்பூன் போயிருச்சு சார்," என்றாள். அதற்குள் பின்னாலிருந்து இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, வறட்டு இருமல், ஒன்றன் மேல் ஒன்றாக. "சார், உதடு... உதடு தடிக்குது."

"பேனா மாதிரி ஒரு ஊசி குடுத்து அனுப்பியிருப்பாங்க. எங்க?"

"பையில. பைய இன்னும் பிரிக்கவே இல்ல."

"எடுங்க. தொடையில குத்துங்க, துணிக்கு மேலயே குத்தலாம். குத்திட்டு அழுத்திப் பிடிங்க. அப்புறம் ஆம்புலன்ஸ்."

ஃபோனை எங்கேயோ வைத்தாள். இழுப்பும் இருமலும், ஒரு ஜிப்பைப் பிய்த்து இழுக்கிற சத்தமும், "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்று உடைந்த குரலும் கேட்டன. பிறகு குழந்தை வீறிட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. தராசு ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சும்மா உட்காரவும் முடியவில்லை. அதிகாரிக்கும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் மின்னஞ்சல் எழுதினார். பிஸ்கட் அறிக்கை தவறு, பிஸ்கட்டில் பால் இல்லை, கடையின் சீலை அகற்றவும். கஞ்சிப் பொடியில் பால் இருக்கிறது, அந்தத் தொகுதி முழுவதையும் கடைகளிலிருந்து எடுக்கவும். பிளாங்கை அழித்தது நான். கீழே முழுப் பெயரையும் போட்டார். மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்பினார். நாற்காலி மிஞ்சுமா என்ற கவலைகூட அப்போது அவருக்கு வரவில்லை. துப்புரவு செய்கிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். துடைத்துவிட்டுப் போன பிறகும் தூக்கினபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆறேகாலுக்கு ஃபோன் அடித்தது. அதே எண்.

"சார், மூச்சு சீராயிடுச்சு," என்றாள். அழுது முடித்த குரல். "ராத்திரி இங்கயே வச்சுக்கறாங்க. ஊசி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா பிள்ள கைய விட்டுப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். நீங்க மட்டும் அந்த நேரத்துக்குக் கூப்பிடாம இருந்திருந்தா... எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். என் பிள்ளைய நீங்கதான் காப்பாத்தினீங்க."

தராசுக்கு அழுகை வந்தது, அதை அடக்கவும் இல்லை.

"கண்டுபிடிச்ச உடனே கூப்பிட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பொய்கூட இல்லை. டப்பாவில் பால் என்று தெரிந்த பத்து நிமிஷத்துக்குள் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆமாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"டப்பாவுல பால் இருக்குன்னு இன்னிக்கு நாலு மணிக்குத்தான்மா தெரியும்," என்றார். "ஆனா பிஸ்கட் அறிக்கை தப்புன்னு புதன்கிழமையே தெரியும். அன்னிக்கே நான் வாயத் திறந்திருந்தா, அன்னிக்கே டப்பாவத் தேடிப் போயிருப்பாங்க. பயந்துகிட்டு சொல்லல."

ஆஸ்பத்திரியில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒலிபெருக்கி கேட்டது.

"புதன்கிழமை பெரிய டாக்டர் வந்து கேட்டார் சார்," என்றாள். "வீட்டுல வேற என்னெல்லாம் குடுத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கன்னு. நான்தான், அதான் லேப்ல கண்டுபிடிச்சு எழுதிட்டாங்களே, இன்னும் எதுக்குத் தேடறீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"தப்பு என்னுதும்மா."

"நாலு ஸ்பூன் என் கையால ஊட்டினேன்." குரல் உயரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "கொஞ்சம் முன்னாடி உங்களுக்கு நன்றி சொன்னேன் இல்ல சார்? அத நான் திரும்ப வாங்கிக்கறேன்."

"சரிம்மா," என்றார் தராசு.